இலையை மறந்த வயிறு

மேற்கு மலைக் காட்டில் ஒரு கருமந்திக் கூட்டம் வாழ்ந்துவந்தது. உடம்பெல்லாம் கறுப்பு; தலையில் மட்டும் தேன் நிற முடி. இலைதான் அவற்றுக்குச் சோறு. ஆயினி இலை, அத்திக் கொழுந்து, நாவல் துளிர் என்று நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கும். அவற்றின் வயிறு பானை மாதிரிப் பெரியது. இலை அதில் கிடந்து ஊறி, புளித்து, மெல்ல மெல்ல உடம்பில் சேரும்.

அந்தக் கூட்டத்தில் மையாள் என்றொரு மந்தி இருந்தாள். அவளுடைய தங்கை பூவந்தி. இருவரும் ஒரே கிளையில்தான் தூங்குவார்கள். ஒருத்தி முதுகை நீட்டினால் இன்னொருத்தி பேன் பார்ப்பாள். ஒருத்தி பறித்த கொழுந்தில் பாதி இன்னொருத்தி வாய்க்குப் போகும்.

மையாளுக்குப் பிள்ளை இல்லை. பூவந்தி முதல் முறையாகக் கருவுற்றிருந்தாள். மந்திக் குழந்தை பிறக்கும்போது கறுப்பாக இருக்காது. செம்மண் நிறத்தில் இருக்கும். கொஞ்ச காலத்தில் அந்தச் சிவப்பு உதிர்ந்து கறுப்பு வந்துவிடும். சிவப்பாக இருக்கும்வரை கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சுவார்கள்.

"பிறந்ததும் முதலில் என் கையில்தான் கொடுக்க வேண்டும்! வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே!" என்பாள் மையாள்.

"உன்னிடம் கொடுக்காமலா? நீதானே அக்கா பெரியம்மா!" என்பாள் பூவந்தி.

அந்தக் காட்டின் நடுவே மலைக்குப் போகும் தார்ச்சாலை ஒன்று வளைந்து வளைந்து போனது. சாலையின் இந்தப் பக்கத்து மரத்திலிருந்து அந்தப் பக்கத்து மரத்துக்குத் தாவித்தான் கூட்டம் போய்வரும். ஒரு காற்று நாளில் எல்லோரும் தாவினார்கள். மையாள் தாவும்போது அவள் பிடித்த கிளை முறிந்தது. சாலை ஓரத்தில் வந்து விழுந்தாள். கால் பிசகிவிட்டது. மரமேற முடியவில்லை.

வளைவில் ஒரு கார் நின்றது. உள்ளே இருந்தவர்கள் அவளைப் பார்த்து, "ஐயோ பாவம்!" என்று ஒரு பன்னை வீசினார்கள்.

மையாள் அதுவரை பன்னைக் கண்டதில்லை. முகர்ந்து பார்த்தாள். கடித்தாள். மெல்ல வேண்டிய வேலையே இல்லை! நாக்கில் வைத்ததும் கரைந்து இனித்தது.

பூவந்தி தினமும் காலையில் சாலை ஓரத்து மரத்துக்கு வந்து குரல் கொடுத்தாள்.

"கால் எப்படி இருக்கிறது அக்கா?"

"இன்னும் வலிக்கிறது."

முதலில் அது உண்மைதான். பிறகு கால் ஆறிவிட்டது. ஆனாலும் மையாள், "நாளைக்கு வருகிறேன்" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். கார்களிலிருந்து பிஸ்கட் வந்தது, சிப்ஸ் வந்தது, பாதி குடித்த ஜூஸ் டப்பா வந்தது. ஒரு கிளை இலையை அரை நாள் மெல்வதற்கும் ஒரு பிஸ்கட்டைக் கடக்கென்று கடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

கடைசியில் ஒரு நாள் பூவந்தி சொன்னாள்: "இந்தப் பக்கம் கொழுந்து தீர்ந்துவிட்டது அக்கா. நாங்கள் மேலோடைக் காட்டுக்குப் போகிறோம். இப்போதே வந்துவிடு!"

"நீங்கள் முன்னால் போங்கள். பின்னாலேயே வந்துவிடுகிறேன்."

பூவந்தி கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு வயிற்றுப் பிள்ளையோடு மெதுவாகக் கிளை மாறிப் போனாள். இலைகள் அசைந்து அடங்கின. மையாளின் கையில் ஒரு க்ரீம் பிஸ்கட் இருந்தது.

சாலை வளைவுக்கு ஒரு ராஜா இருந்தான். கடைவாயன் என்ற நாட்டுக்குரங்கு. இரண்டு கன்னத்துக்குள்ளும் எப்போதும் எதையாவது அடக்கி வைத்திருப்பான். அவன் மையாளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"அம்மணி, என்னைப் போன்ற குரங்குக்கு எந்தக் காரும் நிற்பதில்லை. தெருவுக்குத் தெரு நாங்கள்தான்! ஆனால் உன்னைப் போலக் கருமந்தியை எங்கே பார்க்க முடியும்? நீ இந்தச் சாலையோரச் சுவரில் சும்மா உட்கார்ந்திரு. கார் தானாக நிற்கும். கொடுப்பதை வாங்கிக்கொள். சிதறுவதை நாங்கள் பொறுக்கிக்கொள்கிறோம்."

"நான் ஒன்றும் செய்ய வேண்டாமா?"

"உட்கார்ந்தால் போதும், அம்மணி!"

மையாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். இடுப்பு பருத்தது. கழுத்து மறைந்தது. வயிறு தொடைமேல் வந்து படுத்துக்கொண்டது. ஆனால் பசி மட்டும் அடங்கவில்லை. முழு பாக்கெட்டைத் தின்று முடித்த கையோடு அடுத்த காரைத் தேடினாள். தண்ணீர் குடித்தும் தாகம் போகவில்லை. முழங்காலில் ஒரு சிராய்ப்பு. மழைக்காலம் முழுக்க அது ஆறவே இல்லை. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது.

விடியும்போதெல்லாம் மேலோடைப் பக்கமிருந்து கூட்டத்துத் தலைவனின் குரல் வரும். "ஹூம்... ஹூம்... ஹூம்..." அந்தக் குரல் கேட்டால் எல்லா மந்திகளும் விழித்து, பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுப் பார்க்கும். மையாளும் விழிப்பாள். பக்கத்தில் கை நீட்டுவாள். சுவரின் சிமெண்ட்தான் சில்லென்று கையில் படும். பூவந்திக்குப் பிரசவம் ஆகியிருக்குமா? பிள்ளை ஆணா, பெண்ணா? யார் முதலில் வாங்கினார்கள்? கேட்க ஆளில்லை. நாட்டுக்குரங்குகள் அவளிடம் பேசும். ஆனால் ஒருவர்கூட அவள் முதுகில் பேன் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் தலைக்குமேல் இலைகள் சலசலத்தன.

"அக்கா!"

மையாள் நிமிர்ந்தாள். எதிர்ப்பக்கத்து நாவல் மரத்தின் நுனிக்கிளையில் பூவந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மார்பில் ஒரு சின்னச் சிவப்பு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பூவந்தி! பிறந்துவிட்டதா?"

"பெண் குழந்தை அக்கா! எல்லோரும் தா, தா என்று பிடுங்குகிறார்கள். முதலில் பெரியம்மா தூக்கட்டும் என்று இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன். ஏறி வா! ஒரே தாவுதான்!"

சிவப்பு உருண்டை முகத்தைத் திருப்பி, மினுமினுக்கும் கண்ணால் கீழே பார்த்தது.

மையாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்து மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறத் தொடங்கினாள். ஒரு கை. இன்னொரு கை. கால் வழுக்கியது. மூச்சு முட்டியது. எப்படியோ தாழ்ந்த கிளையை எட்டிப் பிடித்து, எழுந்து நின்று, தங்கையைப் பார்த்துத் தாவினாள்.

சாலையின் நடுவைக்கூட அவள் எட்டவில்லை. உண்ணிச்செடிப் புதரில் பொத்தென்று விழுந்தாள்.

சுவரில் இருந்த நாட்டுக்குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது.

"அக்கா, அடிபட்டுவிட்டதா?"

மையாள் புதருக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. முகத்தைக் காட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது. "நீ போ! பிள்ளை பயப்படுகிறது, போ!" என்று மட்டும் கத்தினாள்.

அன்று வந்த கார்களுக்கு முன்னால் அவள் போய் உட்காரவில்லை.

மறுநாள் கருக்கலில் அவள் கிளம்பினாள். மரத்தில் தாவ முடியாவிட்டால் என்ன? தரையில் நடக்கக் கால் இருக்கிறதே! சாலைக்கு அடியில் ஓடை போகும் குழாய் வழியே ஊர்ந்து மறுபக்கம் வந்தாள். ஓடையைப் பிடித்தபடி மேலே நடந்தாள். நடப்பதும் உட்காருவதுமாகப் பொழுது ஏறியது. பசித்தது. தாழ்வான ஆயினி மரம் ஒன்று இருந்தது. முற்றிய இலைகளை இரு கையாலும் உருவி வயிறு நிறையத் தின்றாள்.

கொஞ்ச நேரம்தான். வயிறு கல் மாதிரி உப்பியது. உள்ளே முறுக்கி முறுக்கி வலித்தது. தின்ற இலை அப்படியே வெளியே வந்தது. மையாள் ஓடைக்கரையில் சுருண்டு படுத்து அழுதாள்.

"பிறந்ததிலிருந்து தின்ற இலை! இப்போது அதுவும் என்னை ஒதுக்கிவிட்டதே!"

"இலை யாரையும் ஒதுக்காது" என்றது ஒரு குரல்.

புல் மறைவில் ஒரு காட்டு முயல் உட்கார்ந்திருந்தது. செவியன் என்று பெயர். அது குனிந்து, தன்னுடைய மெத்தென்ற புழுக்கையைத் தானே எடுத்து விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டது.

"சீச்சீ! அதையா தின்கிறாய்?" என்றாள் மையாள், வலிக்கு நடுவிலும்.

"ஏன் தின்னக் கூடாது? புல்லை நானா செரிக்கிறேன் என்று நினைத்தாய்? என் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செரித்துக் கொடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை செய்த பாதிச் சமையல் இதில் வெளியே போய்விடுகிறது. அதை எடுத்துத் திரும்ப உள்ளே போட்டுக்கொள்கிறேன். கூடவே அவர்களில் சிலரும் வீடு திரும்புகிறார்கள். இதிலென்ன வெட்கம்?"

"என் வயிற்றிலும் அப்படி யாராவது இருக்கிறார்களா?"

"இருந்திருப்பார்கள். நீ கடைசியாக எப்போது இலை தின்றாய்?"

மையாள் சாலை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"புரிந்துவிட்டது" என்றது செவியன். "இலை தின்னும் குடித்தனக்காரர்களைப் பட்டினி போட்டுவிட்டாய். அவர்கள் செத்தார்கள். காலியான இடத்தில் சர்க்கரைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு இலையைச் சமைக்கத் தெரியாது. கொண்டா, இன்னும் கொண்டா என்று கேட்க மட்டும் தெரியும். உன் பசியில் பாதி உன்னுடையதே இல்லை!"

"அப்படியானால் பழையவர்களை எங்கே போய்த் தேடுவேன்?"

"அது எனக்குத் தெரியாது. முயலுக்கு முயலிடம் கிடைக்கும். மந்திக்கு மந்தியிடம்தான் கிடைக்கும்." எங்கோ சருகு நொறுங்கியது. அடுத்த நொடி செவியனைக் காணவில்லை.

வந்தது கடைவாயன். மூச்சிரைக்க ஓடிவந்திருந்தான். கையில் ஒரு முழு பிஸ்கட் பாக்கெட்.

"அம்மணி! கார்கள் நிற்காமல் போகின்றன! நீ இல்லாமல் எங்கள் பிழைப்பே போச்சு! இந்தா, உனக்காகவே பிரிக்காமல் கொண்டுவந்தேன். வா, போகலாம்!"

சர்க்கரை மணம் மூக்கில் ஏறியதும் மையாளின் வாயில் எச்சில் ஊறியது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். கை தானாக நீண்டது. ஒரு பிஸ்கட். இன்னொன்று. மூன்றாவதை எடுக்கும்போது மலைக்கு மேலே தலைவனின் குரல் எழுந்தது. "ஹூம்... ஹூம்..." அடுத்து, மெல்லிய கீச்சுக் குரல் ஒன்று. ஏதோ ஒரு குழந்தையின் குரல்.

மையாள் பாக்கெட்டை அவன் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"நீயே தின்னு."

"அங்கே போய் என்ன செய்வாய்? ஒரு இலைகூட உனக்குச் செரிக்காது! பட்டினியாகச் சாவாய்!"

"செத்தாலும் அந்த மரத்தடியில் சாகிறேன்."

கடைவாயன் தலையைச் சொறிந்தான். பாக்கெட்டில் மிஞ்சிய பிஸ்கட்டைக் கன்னத்துக்குள் திணித்துக்கொண்டு திரும்பிப் போனான். மையாளுக்கு அந்தப் பிஸ்கட்டின் பின்னாலேயே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஒரு மரவேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணுக்கு மறையும்வரை அப்படியே நின்றாள்.

மேலோடைக் காட்டை அவள் அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெரிய அத்தி மரம் ஒன்றில் கூட்டம் மொத்தமும் இருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். யாருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"என்னடா இது, கரடிக்குட்டியா?" என்றது ஒரு வாலிப மந்தி.

"அக்கா!" என்று கூவினாள் பூவந்தி. குழந்தையைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் போட்டுவிட்டுக் கிடுகிடுவென்று இறங்கினாள்.

"பூவந்தி, தரைக்குப் போகாதே! செந்நாய் திரிகிற இடம்!" என்று மேலிருந்து தலைவன் அதட்டினான்.

பூவந்தி காதில் வாங்கவே இல்லை. தரையில் குதித்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். இரு கையாலும் சுற்றி வளைக்க முடியவில்லை. இருந்தாலும் விடவில்லை.

மையாளால் அந்த மரத்தில் ஏற முடியவில்லை. வேருக்கு நடுவே இருந்த பொந்தில் ஒடுங்கிக்கொண்டாள். பகலில் பூவந்தி இறங்கி வருவாள். முதுகு, கழுத்து, காது மடல் என்று முடியை விலக்கி விலக்கிப் பேன் பார்ப்பாள். பிறகு கொழுந்தைப் பறித்துத் தன் வாயில் போட்டு, மசிய மென்று, பால் மறக்கும் குழந்தைக்குக் கொடுப்பதுபோல அக்காவின் வாயில் ஊட்டுவாள்.

"எச்சில் இலையா? நான் என்ன பால்குடியா?" என்று மையாள் முதல் நாள் முகத்தைத் திருப்பினாள்.

"வயிற்றுக்கு நீ பால்குடிதான். வாயைத் திற!"

திறந்தாள். ஒரு வாய் இலைதான். வயிறு முறுக்கியது. வாந்தி வந்தது. மறுநாளும் ஒரு வாய். அதுவும் தங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் வலித்தது. ஆனால் உள்ளே தங்கியது. தங்கையின் எச்சிலோடும், அவள் விரலில் ஒட்டியிருந்ததோடும், அவள் மடியின் வெதுவெதுப்போடும், இலை தின்னும் அந்தச் சின்னஞ்சிறு குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக மையாளின் வயிற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது. முன்பு கேட்ட அந்த "இன்னும்! இன்னும்!" என்ற பசி மெல்ல மெல்ல அடங்குவது மட்டும் தெரிந்தது.

மேலே கிளையில் சிவப்புக் குழந்தை கைமாறிக் கைமாறிப் போவதை அவள் கீழிருந்தே பார்த்தாள்.

"ஒரு தடவை கீழே கொண்டுவாயேன் பூவந்தி. தொட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன்."

பூவந்தியின் முகம் வாடியது. "என் உயிரைக் கேட்டாலும் கீழே கொண்டுவருவேன் அக்கா. செந்நாய் திரிகிற தரைக்குப் பிள்ளையை மட்டும் கேட்காதே."

மையாள் அதன்பின் கேட்கவில்லை. இலையை இன்னும் கொஞ்ச நேரம் மென்றாள். யாரும் பார்க்காத நேரத்தில் மரத்தில் ஏறிப் பார்த்தாள். ஆளுயரம் ஏறினாள், சறுக்கி விழுந்தாள். மறுபடி ஏறினாள். இடுப்புச் சதை கரைந்தது. தாகம் குறைந்தது. அத்தனை காலம் ஆறாத முழங்கால் புண் காய்ந்து பொருக்குத் தட்டியது.

ஒரு நாள் சாயங்காலம் மையாள் கொழுந்தை மென்றுகொண்டிருக்க, பூவந்தி அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைப் பக்கமிருந்து சீழ்க்கை ஒலி வந்தது. எதிர்ப்புறமிருந்து அதற்கு ஒரு பதில் சீழ்க்கை.

"செந்நாய்!" என்று மரமே அலறியது.

"அக்கா, வா!" என்று பூவந்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னை விடு! உனக்குப் பிள்ளை இருக்கிறது!" மையாள் தங்கையைத் தூக்கி மரத்தில் எறிந்தாள் என்றே சொல்ல வேண்டும். பூவந்தி கிளையைப் பற்றினாள். அதற்குள் புதர் பிளந்துகொண்டு செம்பட்டை உடம்புகள் பாய்ந்து வந்தன.

மையாள் மரத்தைப் பிடித்தாள். ஒரு கை. இன்னொரு கை. ஒரு செந்நாய் எம்பிக் குதித்து அவள் வால் நுனியைக் கவ்வியது. சுரீரென்றது. உதறினாள். நுனி அறுந்து அதன் வாயிலேயே போனது. மையாள் கீழே பார்க்கவில்லை. ஆளுயரம் தாண்டினாள். முதல் கிளையைத் தாண்டினாள். செந்நாய்களின் உறுமல் எங்கோ அடியில் கேட்டது. அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் இரண்டு கைகள் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தபோதுதான் நின்றாள்.

சுற்றிலும் கூட்டம். யார் யாரோ அவள் முதுகைத் தொட்டார்கள். வால் நுனியில் வழிந்த ரத்தத்தை யாரோ நக்கித் துடைத்தார்கள். செந்நாய்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அலுத்துத் திரும்பிப் போய்விட்டன.

பூவந்தி குழந்தையை எடுத்து வந்தாள்.

"இந்தா அக்கா. உன் மகள்."

மையாள் கையை நீட்டி வாங்கினாள். குழந்தையைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சிவப்பு போய்விட்டது. முதுகு கறுத்திருந்தது; கை கால்கள் கறுத்திருந்தன. இரண்டு காதுக்குப் பின்னால் மட்டும் பழைய நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் சுவரில் உட்கார்ந்திருந்த காலத்திலும், பொந்தில் படுத்திருந்த காலத்திலும் யார் யார் மடியிலோ அந்தச் சிவப்பு உதிர்ந்து முடிந்திருந்தது.

"கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால்..." என்று தொடங்கினாள் மையாள். முடிக்குமுன் அழுதுவிட்டாள்.

குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது. புது மடியின் வாசனையை முகர்ந்தது. பெரியம்மாவின் வாய் எதையோ அசைபோடுவதைக் கண்டு, சின்ன விரல்களை உதட்டுக்குள் நுழைத்து, மென்ற இலையில் ஒரு துணுக்கை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டது. முகத்தைச் சுளித்தது. பிறகு விழுங்கியது.

மையாள் அழுகையை நிறுத்தினாள். இன்னும் ஒரு கொழுந்தை எட்டிப் பறித்து, குழந்தைக்காக நிதானமாக மெல்லத் தொடங்கினாள்.

நம் உடம்பு நாம் மட்டும் வாழும் வீடு அல்ல. எதைத் தின்று, யாரோடு கூடி இருக்கிறோமோ அதற்கேற்ற உயிர்களே உள்ளே குடியேறி நம் நலத்தையும் நோயையும் தீர்மானிக்கின்றன, ஆகவே நல்லவர்களை விரட்டிவிட்டு வருந்துவதைவிட அவர்களை வைத்துக் காப்பதே அறிவு.